இருபத்துநாலில் ஒரு பங்கு: அத்தியாயம் பதினொன்று

"பல்லுக் கட்டுறவளுக்குக் காரப் பத்தி என்ன தெரியும்?"

பத்து நாளைக்கு முன் சாப்பாட்டு மேசையில் இத்ரூஸ் ஹாஜியார் கேட்ட கேள்வி இது. கேட்டுவிட்டு, பெரிய மீன் துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தன் பழைய பந்தயக் காரைச் சின்ன மாதிரியாகச் செய்யும் வேலையை மருமகள் நஸ்மியாவின் தலையிலேயே கட்டியும் விட்டார். கொழும்பில் மாதிரிக் கார் செய்கிறவர் ஆறு மாதம் கேட்டாராம். விழாவுக்கு இருந்தது பத்தே நாள்.

விழா ஹாஜியாருக்குத்தான். பதுளையில் மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் இந்த அறுபத்தொன்பது வயது மனிதர் ஊருக்குப் பழைய வீரர். பெரகலயிலிருந்து அப்புத்தளைக்கு மலையேறும் கார்ப் பந்தயத்தில் எண்பது, எண்பத்தொன்று, எண்பத்திரண்டு என்று மூன்று வருடம் தொடர்ந்து வென்றவர். மூன்று கோப்பைகளும் ஹோலில் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தன. வருகிறவர் கண்ணில் அவை படும்படிதான் கதிரைகள் போடப்பட்டிருந்தன. அவற்றைப் பற்றிக் கேட்காத விருந்தாளிக்கு இரண்டாவது தேநீர் கிடைக்காது.

நஸ்மியா நான்கு வருடமாக அந்தக் கோப்பைகளைத் தூசி தட்டி வருகிறாள். தட்டும்போதெல்லாம் அவளுக்குக் கொட்டாவி வரும்.

இன்று விழா நாள். பின்னேரம் மூன்று மணிக்குப் பண்டாரவளையில் ஒரு ஹோட்டலில். காலை எட்டு மணிக்கு நஸ்மியா பின்னறை ஜன்னலோரம் தன் மேசையில் உட்கார்ந்திருந்தாள். பல் வைத்தியர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவள் தொழில். மெழுகும், மெல்லிய கம்பியும், விரல் நீளக் கத்திகளும் இருந்த அந்த மேசையில் இப்போது ஒரு சிவப்பு மினி கூப்பர், கூரை கழற்றி வைக்கப்பட்டு, உள்ளங்கை நீளத்தில் நின்றது.

கணவன் அகீல் கொழும்பிலிருந்து வாங்கி வந்த மாதிரிக் கார்ப் பெட்டியில் வெளி உடல் நன்றாகத்தான் இருந்தது. உள்ளேதான் குறை. நாலு பேர் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிற காரின் உள்பக்கம் அது. மெத்தை ஆசனம், கம்பளம், சிகரெட் சாம்பல் கிண்ணம் கூட இருந்தது. நஸ்மியா அதையெல்லாம் முதல் நாளே குப்பையில் போட்டாள். பந்தயக் காருக்குள் வெறும் தகரத் தரை, ஒரே ஒரு ஆசனம், கவிழ்ந்தால் தலை நசுங்காமலிருக்க இரும்புக் குழாய்க் கூடு. இவ்வளவுதான் இருக்கும். அதையெல்லாம் அவள் கையாலேயே புதிதாகச் செய்தாள்.

குழாய்க் கூட்டுக்கு மின்வயரை உரித்தெடுத்த செம்புக் கம்பி. ஆசனத்தை மெழுகில் செதுக்கி, பல்லுக்கு ஈறு வார்க்கும் அதே பசையில் வார்த்துக் கறுப்படித்தாள். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டினால் ஆசனப் பட்டி. மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளில் அதன் கொக்கிகள். வேகமானியின் முகத்தில் ஒரு துளி நகப்பூச்சு விட்டதும் அது கண்ணாடியாக மின்னியது.

எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு. நிஜத்தில் இருந்த அளவில் இருபத்துநாலில் ஒரு பங்கு. அதற்கு ஆதாரம் ஹாஜியார் ஒரு கவரில் போட்டுக் கொடுத்த நாலு பழைய படங்கள். மூன்றில் அவர் கார் மேல் கை ஊன்றிச் சிரிக்கிறார். நாலாவதில் அவர் இல்லை. கதவு திறந்திருக்கிறது, மெக்கானிக் ஒருவர் முழங்காலில் இருந்து எதையோ முடுக்குகிறார், அவர் தோளுக்கு அப்பால் ஆசனமும் பெடல்களும் தெளிவாகத் தெரிகின்றன. நஸ்மியாவுக்கு வேண்டியது அந்த ஒரு படம்தான்.

மிச்சமிருந்தது ஓட்டுநர். காருக்குள் தானும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது ஹாஜியாரின் கடைசி உத்தரவு. நேற்று அவரை மெழுகில் செய்து முடித்திருந்தாள். ஆறடி மனிதர், ஏழரைச் சென்ரிமீட்டருக்குச் சற்று மேல். வயிற்றை அந்தக் காலத்துக்குத் தக்கபடி குறைத்தாள். அது அவள் செய்த உபகாரம்.

மெழுகு மாமாவை இடுக்கியால் தூக்கி ஆசனத்தில் இறக்கினாள்.

இறங்கவில்லை.

முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. காலை மடக்கினால் தலை குழாயில் முட்டியது. நஸ்மியா தன்னைத்தான் முதலில் திட்டிக்கொண்டாள். படத்தை போனில் பெரிதாக்கி, கதவின் அகலத்தை அளவாக வைத்து, ஒவ்வொன்றையும் மறுபடி அளந்தாள். அரை மில்லிமீட்டர் கூடப் பிசகில்லை. ஆசனம் நிஜமாகவே ஸ்டியரிங்கை ஒட்டி, முன்னால் தள்ளி போல்ட் போடப்பட்டிருந்தது.

பெடல்களை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். மூன்று நாளைக்கு முன் அவற்றைச் செய்தபோது பெடலின் தடிப்பு என்று நினைத்து அப்படியே செய்திருந்தாள். அது தடிப்பில்லை. பெடலின் மேல் மரக்கட்டை வைத்து, அதன் மேல் ரப்பர் ஒட்டியிருக்கிறது. கால் எட்டாத ஒருவருக்காக.

நஸ்மியா மெழுகு மாமாவை மேசையில் படுக்க வைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காருக்குள் ஒரு தடவையாவது ஒழுங்காக உட்கார்ந்த மனிதர் இந்தப் படத்தை எடுத்துக் கொடுத்திருப்பாரா?

குசினியில் றமீலா மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ஹாஜியாரின் ஒரே தங்கை, அறுபத்திரண்டு வயது. மாவனல்லைக்குக் கட்டிப்போய், மாப்பிள்ளை மௌத்தாகி விதவையானதும் திரும்பி வந்தவர். நஸ்மியாவின் மாமியார் இறந்ததிலிருந்து இந்த வீட்டு அடுப்பு அவர் கையில்தான். ஹாஜியார் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நஸ்மியா கேட்டதில்லை. "தேத்தண்ணி" என்று சத்தம் போடுவார். அவ்வளவுதான் கூப்பிடுதல்.

நஸ்மியா போனை அவர் முன் நீட்டினாள். "மாமி, இது யாருக்கு வெச்ச கட்ட?"

துருவும் சத்தம் நின்றது. மாமி கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"மொத வெச்ச கட்ட பத்தல்ல," என்றார். "கிளச்சுக்கு எட்டல்ல. மெக்கானிக் வீரய்யா இன்னொன்டு வெட்டி மேலால போட்டாரு."

"நீங்களா?"

"மொள்ளப் பேசு புள்ள."

"மாமி, நீங்களா ஓட்டினீங்க?"

மாமி தேங்காய் மூடியை மறுபடி எடுத்தார். ஆனால் துருவவில்லை. அண்ணனை அவர் 'நானா' என்றுதான் சொல்வார். "நானாக்குப் பயம். மொத வருஷம் பயிற்சிக்குப் போன அன்டு, முன்னால போன கார் வளைவுல உருண்டத கண்ணால கண்டுட்டாரு. ஊட்டுக்கு வந்து வாந்தி. பேர் கொடுத்தாச்சு, ஊரெல்லாம் செல்லியாச்சு. நான் வாப்பாட லொறிய பசறை தோட்டத்து ரோட்டுல ஓட்டுவேன், அது நானாக்குத் தெரியும். அவர்ட உடுப்பு, கையுறை, முழு ஹெல்மட். மேல போய்ச் சேர்ந்ததும் வீரய்யாட வேனுக்குள்ள ஏறிருவேன். அதுக்குள்ள ஈந்த அவர் எறங்கிக் கைய காட்டுவாரு."

"ஏன் மாமி இவ்வளவு நாளும் செல்லல்ல?"

"யாரு கேட்ட?"

நஸ்மியா நான்கு வருடம் இந்தக் குசினியில் வெங்காயம் உரித்திருக்கிறாள். அவளும் கேட்டதில்லை. அந்த ஒரு விஷயத்தில் தானும் ஹாஜியாரும் ஒன்றுதான் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"உங்கட உசரம் எவ்வளவு மாமி?"

"நாலடி பதினொன்டு. ஏன்?"

நஸ்மியா மேசைக்குத் திரும்பினாள். புதிய ஆளைச் செதுக்க நேரமில்லை. மெழுகு மாமாவை உருக்குகிற கிண்ணத்தில் போட்டாள். ஆசனம் வெறுமையாக, அழகாக இருந்தது.

பன்னிரண்டரைக்கு ஹாஜியாரும் அகீலும் கடையிலிருந்து வந்தார்கள். ஹாஜியார் வெள்ளைச் சட்டையும், கழுத்தை இறுக்கும் டையுமாக நேரே பின்னறைக்கு வந்து, குனிந்து காருக்குள் பார்த்தார்.

"நான் எங்க?"

"நீங்க உள்ள போகல்ல மாமா."

"என்னது?"

"அளவு சரியாத்தான் செஞ்சீக்கி. ஆறடி ஆளுக்கு அந்தச் சீட்டுல எடமில்ல."

அகீல் தகப்பனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு வயது முப்பத்தாறு. தகப்பன் இருக்கும் அறையில் பதினாறு. "நஸ்மியா, நேரமாகுது. வாப்பா செல்ற மாதிரி சீட்ட கொஞ்சம் பின்னால தள்ளி உடு."

"வாப்பா இன்னம் ஒன்டும் செல்லல்லயே," என்றாள் நஸ்மியா. "சீட்ட மட்டும் தள்ளினாப் போதுமா, பெடல்ல ஈக்கிற கட்டையையும் கழட்டணுமா? அத அவர்ட்டயே கேளுங்க."

ஹாஜியாரின் முகத்தில் நிறம் மாறியது. ஆனால் அவர் நாற்பது வருடம் பழைய சாமானைப் புதுசென்று விற்ற வியாபாரி. சட்டென்று சிரித்தார்.

"ஓ, அதுவா. எண்பத்திரண்டுல பந்தயத்தன்டு எனக்குக் கடும் காய்ச்சல். தங்கச்சி சும்மா காரக் கொண்டுபோய் மேல வெச்சா. ஒரே ஒரு நாள். அதுக்கென்ன?"

"ரப்பர் தேஞ்சீக்கி மாமா."

"என்ன?"

நஸ்மியா போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "கட்டைக்கு மேல ஒட்டின ரப்பர். பிரேக்குல ஒரு மூலை முழுக்கத் தேஞ்சி மரம் தெரியுது. ஒரு நாள்ல அப்பிடித் தேயாது. நான் பல்லுக் கட்டுறவ. எது எத்தன வருஷம் தேஞ்சதுன்டு பாக்குறதுதான் எனக்குத் தொழில். மூணு கோப்பயும் மாமிடதானே?"

ஹாஜியார் டையைத் தளர்த்தினார். பிறகு பேசியது அவள் எதிர்பார்த்ததைவிடக் கேவலமாக இருந்தது.

"சரி, ஓட்டினா. ஓட்டினா என்ன? அந்தக் காலத்துல ஒரு பொம்புளப் புள்ள ஓட்டினான்டு செல்லீந்தா அவளுக்குக் கலியாணம் நடந்தீக்குமா? நான்தான் அவட மானத்தக் காப்பாத்தினேன். எனக்குத்தான் அவ நன்றி செல்லணும்!"

அகீல் தரையைப் பார்த்தான். கணவனின் உச்சி முடியைப் பார்த்தபடி நின்ற நஸ்மியாவுக்கு, இந்த மனிதனை ஒரு காலத்தில் அடக்கமானவன் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டது ஞாபகம் வந்தது.

"இங்க கொண்டா," என்று ஹாஜியார் காரைத் தன் பக்கம் இழுத்தார். "ஒரு சீட்ட பின்னால தள்ள இவ்வளவு பேச்சு." தடித்த விரலை உள்ளே விட்டார். ஆசனம் அசையவில்லை. கியர் கம்பிதான் டிக் என்று ஒடிந்து விழுந்தது.

"நாற்பது வருஷம் கார்ச் சாமான் வித்தவர்," என்றாள் நஸ்மியா, யாருக்கும் என்றில்லாமல்.

"வாய மூடு! அப்பிடியே கொண்டு போவோம். அங்க வாரவன்களுக்கு என்ன தெரியும்? கேக் திங்க வாரவன்கள். யாரு குனிஞ்சி பாக்கப் போற?"

அப்போதுதான் கதவடியிலிருந்து குரல் வந்தது. "நானும் வாரேன்."

றமீலா மாமி பெருநாளுக்கு உடுக்கும் சாம்பல் நிறச் சாரியில் நின்றார். தலையில் முக்காடு ஒழுங்காகப் பின் குத்தியிருந்தது.

"நீ எதுக்கு?" என்றார் ஹாஜியார்.

"காரப் பாக்க."

"இங்கயே பாரு."

"அங்க வந்து பாக்குறேன் நானா."

மாமி சத்தம் போடவில்லை. கெஞ்சவுமில்லை. அந்தப் பந்தயங்கள் முடிந்த நாற்பத்து மூன்று வருடத்தில் அவர் கேட்ட முதல் விஷயம் இதுவாக இருக்கும் போல. மணி ஒன்றாகிக்கொண்டிருந்தது. "வந்து பின்னால உக்காரு, வாயத் தொறக்காத," என்று எரிந்து விழுந்துவிட்டு ஹாஜியார் வேனுக்குப் போனார்.

தெமோதரைக்குப் பிறகு மழை பிடித்தது. நஸ்மியா காரை மடியில் வைத்துக்கொண்டு, வளைவில்லாத இடமாகப் பார்த்துக் கியர் கம்பியை ஒட்டினாள். வளைவு வரும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியின் வலது கால் வேனின் தரையை மெல்ல அழுத்துவதைக் கண்டாள். சாரதி பிரேக் போடுவதற்குச் சற்று முன்னாலேயே அந்தக் கால் அழுத்தியது.

ஹோட்டல் மண்டபத்தில் நூறு பேர் வரை இருந்தார்கள். கார் கண்ணாடிப் பெட்டிக்குள், வெள்ளைத் துணி விரித்த மேசையில் வைக்கப்பட்டது. ஹாஜியார் சொன்னது சரிதான், பாதிப்பேர் கேக் பக்கம்தான் போனார்கள். மேடையில் அவர் மைக்கைப் பிடித்து, மூடுபனி, ஊசி வளைவு, உயிரைப் பணயம் வைத்தது என்று இருபது நிமிடம் பேசினார். வளைவுகளின் எண்ணிக்கையைப் பேச்சுக்குள் இரண்டு விதமாகச் சொன்னார். கேட்டவர்கள் இரண்டுக்கும் கைதட்டினார்கள்.

மாமி கடைசி வரிசையில் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "பதினேழு," என்று மட்டும் ஒரு தடவை மெதுவாகச் சொன்னார்.

அடுத்து, அந்தக் காரைப் பராமரித்த பழைய மெக்கானிக்கைக் கொண்டு ஹாஜியாருக்கு மாலை போடுவிக்க விழாக் குழுவினர் ஏற்பாடு செய்திருந்தார்கள். அது ஹாஜியாருக்கே தெரியாது. பசறைப் பக்கத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்திருந்த வீரய்யாவுக்கு எண்பது தாண்டியிருக்கும். ஊன்றுகோலோடு முன்னால் வந்தவர், மேடைக்கு ஏறாமல் முதலில் கண்ணாடிப் பெட்டியிடம் போனார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்தார்.

அந்த மண்டபத்தில் குனிந்து பார்த்த முதல் ஆள் அவர்தான்.

"அட, கட்டையெல்லாம் வச்சிருக்காங்களே!" என்றார். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "யாருங்க இத செஞ்சது? அப்படியே இருக்குங்க. நான் வெட்டுன கட்டை."

நிமிர்ந்து கூட்டத்தில் யாரையோ தேடினார். கண் கடைசி வரிசையில் போய் நின்றது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாப்பா! வந்திருக்கீங்களா? கால் எட்டுதா பாப்பா?"

நூறு தலைகள் திரும்பின.

ஹாஜியார் மைக்குக்குள் சிரித்தார். "வயசாகிப் போச்சு. தோட்டத்து ஆள், பாவம், யாரு என்னன்டு தெரியாம பேசுறாரு..."

"நல்லா தெரியுதுங்க மொதலாளி," என்றார் வீரய்யா, திரும்பிப் பார்க்காமலே. "நீங்க வேனுக்குள்ள படுத்திருந்ததும் தெரியுதுங்க."

மண்டபத்தில் யாரோ கேக் தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. நஸ்மியா மாமியைத் தொடவில்லை, எழும்பச் சொல்லவில்லை. அவராகவே எழும்பினார். நாலடி பதினொரு அங்குலம். முன் வரிசைக்காரர்கள் சிலர் பார்ப்பதற்காக எழும்ப வேண்டியிருந்தது.

"எட்டுது வீரய்யா," என்றார் மாமி. "நல்லா எட்டுது."

வீரய்யா மேடைப் பக்கம் போகவேயில்லை. ஊன்றுகோலை ஊன்றி ஊன்றிக் கடைசி வரிசை வரைக்கும் நடந்துபோய், மாலையை மாமியின் கையில் கொடுத்தார். கைதட்டுவதா வேண்டாமா என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. நஸ்மியா தட்டினாள். பிறகு ஒருவர், பிறகு பத்துப் பேர்.

அது அடங்கியபோது மேடையில் ஹாஜியார் இல்லை. வெளியே வேனும் இல்லை.

மழை விடவில்லை. ஹோட்டல் வாசலில் மூவரும் நின்றார்கள். நஸ்மியாவின் கையில் கார், மாமியின் கையில் மாலை. அகீலின் கையில் இருந்த போன் ஒளிர்ந்தது. அவன் வாசித்தான். வாசித்துவிட்டு அதை வேகமாகச் சட்டைப்பைக்குள் போடப் பார்த்தான்.

"காட்டுங்க," என்றாள் நஸ்மியா.

"ஒன்டுமில்ல..."

"காட்டுங்க அகீல்."

கணவனை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் போனை நீட்டினான். தகப்பன் அனுப்பியிருந்தது: அந்த ரெண்டு பேரும் இனி என்ட ஊட்டு வாசல்ல கால் வெக்கக் கூடாது. நீ மட்டும் வா.

நஸ்மியா அதைச் சத்தமாக வாசித்தாள். அகீல் மழையைப் பார்த்தான். "இப்ப நான் என்ன செய்ற? நீ சும்மா ஈந்தீக்கலாமே நஸ்மியா. ஊடு இல்லாம எங்க போற?"

றமீலா மாமி மாலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். மகிழ்ச்சியா கோபமா என்று சொல்ல முடியாத ஒரு முகம்.

"எங்கட வாப்பா மூணு வருஷமும் பந்தயம் பாக்க வந்தாரு, அகீல். யாரு ஓட்டுறான்டு அவருக்குத் தெரியும். அவர் கண் மூடினதுக்குப் பொறகு நான் ஒன்டும் கேக்கல்ல, உங்கட வாப்பாவும் ஒன்டும் செல்லல்ல."

"என்னத்த மாமி?"

"வாப்பா கட்டின அந்த ஊடு யார்ட பேர்ல ஈக்கின்டு," என்றார் மாமி, பஸ் நிலையத்தை நோக்கி மழையில் இறங்கியபடி.